பத்திரமாக எடுத்து வைத்தது

ஜனவரி 6

ஸ்டோர்காரருக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நீங்கள் நலமாக இருந்தால் எனக்குக் கோபம் வரும், இல்லையென்றால் கவலை வரும். இரண்டுக்கும் இப்போது நேரமில்லை.

மருத்துவமனையிலிருந்து படிவம் வந்திருக்கிறது. உறைய வைத்த நம் கரு இரண்டுக்கும் ஐந்து வருடம் முடிகிறது. நான்கில் ஒன்று ஒட்டவே இல்லை, ஒன்று நாலரை மாதம் இருந்துவிட்டுப் போனது, மிச்சம் இந்த இரண்டுதான். எனக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது, இனிப் புதிதாக எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

படிவத்தில் மூன்று கட்டம் இருக்கிறது. தொடர்ந்து வைத்திருக்கலாம், பயன்படுத்தலாம், அப்புறப்படுத்தலாம். ஒன்றில் டிக் போட்டு, நாம் இருவரும் ஒரே தாளில் பேனாவால் கையெழுத்திட்டு, மார்ச் 31 மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். நகல் செல்லாது. வராவிட்டால் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். சும்மா இருந்தால் அவர்களே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று அர்த்தம்.

நான் முதல் கட்டத்தில் டிக் போட்டு, என் கையெழுத்தையும் போட்டு, படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. போட்டுத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் கப்பலில் இருக்கும் ஒரே போன் கேப்டன் அறையில், அவர் காதுக்குப் பக்கத்தில். அங்கே நிறுத்தி வைத்து இதைப் பேச எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் கடிதம்.

பழைய வழக்கத்தை விட மனமில்லை, பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஸ்டோர் வேலைக்கு முதல் முறை கப்பல் ஏறி, பெட்டிகளின் மேலிருந்த இங்கிலீஷைப் பார்த்து முழித்தபோது, கடிதத்துக்குப் பத்துச் சொல் அனுப்பினேன். அதை ஸ்டோர் கதவில் ஒட்டி வைத்துப் படித்தவர்தானே நீங்கள். இந்த வாரம் மாலை வகுப்பில், பொருள்களை எடுத்து வைப்பதற்கும் சேமிப்பதற்குமான சொற்கள். ஸ்டோர், கீப், சேவ், புட் அவே, செட் அசைடு, லே பை, ஸ்டாஷ் என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. பஸ் ஓட்டுபவர் எழுந்து, "ஒரு பொருள அலமாரியில வைக்க இவங்களுக்கு இத்தன வார்த்த எதுக்கு டீச்சர்? நமக்கு எடுத்து வைன்னா முடிஞ்சுது" என்றார். சேர்த்து வைப்பதும் ஒதுக்கி வைப்பதும் ஒளித்து வைப்பதும் ஒன்றா என்று நான் கேட்டேன். ஆள் யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் கஷ்டம் வந்தால் ஆகும் என்று சேமிப்பதை அவர்கள் 'ஃபார் எ ரெய்னி டே' என்பார்கள் என்றதும், சலூன் நடத்தும் பெண், "மழை நாளுக்குன்னா கொடைதானே வாங்கி வைக்கணும்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.

உங்களுக்கு இந்த முறை ஒரே ஒரு சொல்: புட் அவே. ஒரு பொருளை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வது. உங்களுக்கு அது கைவந்த கலை. இந்தப் படிவத்தை மட்டும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

டீச்சர்


ஜனவரி 31

டீச்சர்,

கடிதம் நேற்று துறைமுக ஏஜெண்டின் பையில் வந்தது. நேற்றே இரண்டு மாதச் சாமானும் ஏறியது. இருபத்து மூன்று பேருக்கு அரிசி, மாவு, வெங்காயம், இறைச்சி, மீன். படிக்க நேரம் கிடைக்கவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எதற்கு. கையுறையைக்கூடக் கழற்றாமல் மீன் அறை வாசலில் நின்று படித்தேன்.

ஸ்டோரில் ஒரு விதிதான். புதியது பின்னால் போகும், பழையது முன்னால் வரும், தேதி வெளியே தெரிய வேண்டும். தேதி முடிந்ததை முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்று திரும்ப உள்ளே தள்ளுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. தூக்கிப் போடுவதற்கான 'டிஸ்கார்ட்' என்கிற சொல்லை எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். தினமும் ரிப்போர்ட்டில் நானே எழுதுகிறேன்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. ஏன் என்று கேட்பாய். கேட்காதே.

படிவம் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கிழிக்கவில்லை.

பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடு. காலையில் அவசரமாகக் கிளம்பும்போது மறந்துவிட்டு, மாலையில் இரண்டாகப் போடுகிற பழக்கம் உனக்கு உண்டு. படிக்கட்டு பல்பை மாற்றச் சொல்லியிருந்தேன், மாற்றினாயா.

அடுத்த துறைமுகம் பிப்ரவரி 21. எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஸ்டோர்


பிப்ரவரி 10

ஸ்டோர்காரருக்கு,

உங்கள் கடிதத்தில் வெங்காயம் இருக்கிறது, மீன் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. காரணம் மட்டும் இல்லை. படிக்கட்டு பல்பை மாற்றியாயிற்று. வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது, ஏறி வருவதற்குத்தான் ஆளில்லை.

போன மே மாதம் ஆஸ்பத்திரி லேப் வாசலில் நீங்கள் சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மாவிடம், "ரெண்டையும் தூக்கிப் போட்டுடுங்க, எங்களுக்கு வேணாம்" என்றீர்கள். எங்களுக்கு என்று யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? அன்றைக்கு உங்களையும் டாக்டரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு விஷயம் சொல்லலாம் என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு இடமே கொடுக்கவில்லை. ஆறாம் நாள் கப்பல் ஏறிவிட்டீர்கள். மூன்று வருடம் முன்பு, அது போனபோதும் இப்படித்தான். நான் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தேன், நீங்கள் என் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நேற்று லேபுக்குப் போனேன். என் ஒருத்தி கையெழுத்து போதுமா என்று கேட்டேன். லேப் அம்மா, "எனக்கு ரூலு போட்டவங்க மேல இருக்காங்கம்மா, நான் என்ன பண்ணுவேன்" என்றார். பிறகு மனது கேட்காமல் கண்ணாடி வழியாகக் காட்டினார். இடுப்பளவு உயரத்தில் வரிசையாக உலோக டேங்குகள். ஒன்றின் மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கியது. "ஒங்களோடது நாலாவது டேங்க், ரெண்டாவது கூடை" என்றார். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியாம். உங்கள் மீன் அறை வெறும் பதினெட்டுதானே.

தேதி முடிந்த மீனும் அந்த இரண்டும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறதா என்று திட்டி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். திட்டுகிற நிலையில் நான் இல்லை. உங்கள் காலைப் பிடிக்கிறேன். குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வீட்டுக்குக்கூட வர வேண்டாம். அவை அந்தக் கூடையிலேயே இருக்கட்டும், அது போதும். இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் எண்ணுகிறேன்.

இந்த முறை சொல்: ஹோர்ட். வேண்டாததையும் விட முடியாமல் குவித்து வைப்பது. பால் கவரையும் நூல்கண்டையும் நான் சேர்த்து வைக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கேலி செய்வீர்கள். இதற்கு அந்தச் சொல் பொருந்தாது. எனக்கு இது வேண்டும்.

டீச்சர்


பிப்ரவரி 22

டீச்சர்,

பதினாறாம் தேதி மீன் அறையின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. சரிசெய்ய ஒன்பது மணி நேரம். அந்த மாதிரி நேரத்தில் கதவைத் திறக்கக்கூடாது, இருக்கிற குளிரும் போய்விடும். உள்ளே என்ன ஆகிறது என்று தெரியாமல் வெளியே நின்று தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மைனஸ் பதினெட்டு, பதினைந்து, பதினொன்று. "விடு ஸ்டோரு, மீனுதான, போனா போவுது" என்றார் சமையல்காரர். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீனுக்கு அழுத ஸ்டோர்காரன் என்று கப்பல் முழுக்கப் பேச்சு. அப்போது நான் மீனை நினைக்கவில்லை.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இனி மூடி மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு, நீ படுக்கையில் கிடந்தபோது, டாக்டர் என்னை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். கருப்பை கிழிந்து, தைத்திருக்கிறோம் என்றார். "இன்னொரு தடவ சுமந்தாங்கன்னா ஒங்க மனைவிய நான் உயிரோட குடுப்பேன்னு சொல்ல முடியாது" என்றார். இந்த வார்த்தைகளை அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவரிடம் கெஞ்சினேன். சொன்னால் அன்றைக்கே உடைந்துவிடுவாய் என்று பயம். அதற்குப் பிறகும் தெரியாமலே இருந்துவிட்டால், மிச்சக் கருவை வைத்துக்கொள்ள நம்பிக்கையோடு போய்ப் படுத்துவிடுவாய் என்று பயம். சொன்னாலும், நீ நினைத்ததைச் செய்யாமல் விடுகிறவளா? அந்த இரண்டும் இல்லாமல் போனால்தான் நீ இருப்பாய் என்று தோன்றியது. அதனால்தான் லேப் வாசலில் அப்படிச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்து நின்றதும் அதனால்தான். உன் முகத்தைப் பார்த்தால் கொட்டிவிடுவேன்.

மூன்று வருடமாக இதை வைத்துக்கொண்டு கடலில் சுற்றுகிறேன். கப்பலில் எந்தப் பொருளையும் சும்மா வைக்க முடியாது, ஆட்டத்தில் உருண்டு வந்து காலில் விழும். அதனால் கட்டி வைப்போம், முட்டுக் கொடுப்போம். இங்கே அதற்கு 'ஸ்டோ' என்பார்கள். இதை மட்டும் எப்படிக் கட்டி வைத்தாலும் உருண்டுகொண்டே இருந்தது.

கையெழுத்துப் போட மாட்டேன். என்னைக் கல்நெஞ்சன் என்று சொல், உயிரோடு இருந்து சொல். படிவம் இந்த மேஜையில்தான் இருக்கிறது. அடுத்த துறைமுகம் மார்ச் 13.

ஸ்டோர்


மார்ச் 3

என்னவென்று கூப்பிடுவது என்றே தெரியவில்லை. நேற்று உங்கள் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்து, பாதியில் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆஸ்பத்திரி ஃபைலை யார் கையில் கொடுத்தீர்கள்? நம் வீட்டில் இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் யாரிடம் கொடுப்பீர்கள்? டாக்டரிடம் அத்தனை கெஞ்சிவிட்டு, அவர் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு டாக்ஸி பிடிக்கப் போனீர்கள். நீங்கள் டாக்ஸி கொண்டு வருவதற்குள் மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டேன். நீங்கள் மனப்பாடம் வைத்திருப்பதெல்லாம் அதில் இருந்தது.

அந்தப் பக்கத்தைக் கழற்றி எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பெரிய அகராதிக்குள் வைத்தேன். நீங்கள் தொடாத ஒரே பொருள் அதுதான். எதற்குத் தெரியுமா? யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்லிவிட்டால் பயந்துபோய், இருக்கும் இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்று. நீங்கள் எனக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தீர்கள், நான் உங்களுக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தேன். ஒரே காகிதத்தை. நம்மைப் போல் புத்திசாலிகள் உண்டா.

இன்னும் கேளுங்கள். நான் சுமக்கப் போவதில்லை. சாகிற ஆசை எனக்கு இல்லை. போன ஏப்ரலில் தங்கச்சி வந்திருந்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்துவிட்டன. பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் சொமந்து குடுக்குறேன்க்கா. எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ மச்சான்கிட்ட மட்டும் கேளு" என்றாள். டாக்டரிடம் அவளே தனியாகப் போய்க் கேட்டும் வந்திருந்தாள், முடியும் என்று சொல்லியிருக்கிறார். மே மாதம் நான் சொல்ல வைத்திருந்தது அதுதான். லேப் வாசலில் நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு வாய் அடைத்துவிட்டது. ஜனவரியிலாவது எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால், நீ ஏன் சுமக்கவில்லை என்று கேட்பீர்கள், மூன்றாம் பக்கத்தைச் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பயந்து, படிவத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாம் வெளியே வந்துவிட்டது. கையெழுத்துப் போடுங்கள். பதின்மூன்றாம் தேதி கரை தொட்டதும் அனுப்பினால் போதும், நேரம் இருக்கிறது.

'கீப் பேக்' என்று ஒன்று உண்டு. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்வது. நேற்று வகுப்பில் அதை விளக்க முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன்.

உங்கள் டீச்சர்


மார்ச் 25

என் டீச்சருக்கு,

பதின்மூன்றாம் தேதி வந்தோம். உள்ளே இடமில்லை என்று துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட வைத்துவிட்டார்கள். கரையில் நிற்கும் லாரிகளின் நிறம்கூடத் தெரிகிறது, ஏஜெண்டின் படகு மட்டும் வரவில்லை. பன்னிரண்டு நாள் நின்றோம். இன்று காலைதான் உள்ளே வந்தோம். உன் கடிதம் எட்டரை மணிக்குக் கைக்கு வந்தது. ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவசரத்தில் என் பெயர் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, பரவாயில்லை என்று நினைக்கிறேன். ஏஜெண்டின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொல்லியிருக்கிறேன். கூரியர் ஆறு நாள் என்கிறார். விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தொன்று.

கேப்டன் போனிலிருந்து மூன்று முறை உன்னை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. வகுப்பில் இருந்திருப்பாய்.

போன மாதம் உனக்குப் பதில் எழுதியபோது இந்தப் படிவம் என் முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது. அன்றைக்கே போட்டிருந்தால் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஃபைலை உன் மடியில் வைத்தேனே, எனக்கு அது உறைக்கவே இல்லையே. ஸ்டோர் கணக்கில் ஒரு முட்டை குறைந்தால் கண்டுபிடிக்கிறவன் நான்.

தங்கச்சியிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் சொல்கிறேன். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளக் கேப்டனிடம் கேட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். ஏப்ரல் 11 அடுத்த துறைமுகத்தில் மாற்று ஆள் ஏறுகிறார், நான் இறங்குகிறேன். 14 காலையில் வீட்டில் இருப்பேன். இனிக் கப்பலுக்கு எழுதாதே, கடிதம் வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.

அதற்குள் லேப் அம்மாவிடம் சிலதைக் கேட்டு வை. டேங்கில் அளவை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறார்கள்? குறைந்தால் அலாரம் அடிக்குமா? டேங்க் பழுதானால் மாற்றி வைக்க இன்னொன்று தயாராக இருக்கிறதா, எந்த அறையில்? ஞாயிற்றுக்கிழமை யார் பார்ப்பது? இங்கே ஒன்பது மணி நேரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்ததும் நானே போய்ப் பார்க்கிறேன்.

நாலாவது டேங்க், ரெண்டாவது கூடை. மீன் அறைச் சாவி தொங்கும் ஆணிக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உன் ஸ்டோர்


ஏப்ரல் 3

என்னங்க,

படிவம் நேற்று மதியம் வந்தது. கோணல் கையெழுத்து நன்றாகத் தெரிகிறது.

கம்பெனி ஆபீஸுக்கு நான்கு முறை போன் செய்தேன். கப்பல் வெளியே நிற்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் அழைத்தபோது போன் ஆசிரியர் அறையில் என் பைக்குள் இருந்தது. பார்த்துவிட்டு அழைத்தேன், கிடைக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஒன்பதிலிருந்து லேப் வாசல் பெஞ்சில் தங்கச்சியோடு உட்கார்ந்திருந்தேன். கூரியர் ஆபீஸுக்கு அவள் இரண்டு முறை ஓடினாள். ஐந்து மணி ஆயிற்று. லேப் அம்மா ரிஜிஸ்டரை மூடாமல் ஆறு மணிவரை எங்களோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்கு மேல என் கையில இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். என்னை வெளியே போய்விடச் சொன்னார். நான் போகவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

கூடையிலிருந்து எடுத்தார். குண்டூசி கனத்தில் இரண்டு குழல்கள். மேஜை மேல் வைத்தார். அவ்வளவுதான். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லையாம், அறைச் சூட்டில் வைத்தாலே போதுமாம். உங்களைப்போல நானும் வெளியே நின்று பார்த்தேன். ஒன்பது மணி நேரம் ஆகவில்லை. தங்கச்சி என் கையைப் பிடித்திருந்தாள்.

நேற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. லேப் அம்மா அதைக் கையில் வாங்கவே இல்லை. நீங்கள் கேட்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தேன். அளவை ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்கிறார்கள். அலாரம் இருக்கிறது. மாற்று டேங்க் பக்கத்து அறையில். ஞாயிற்றுக்கிழமை அவரே வருகிறார்.

யார் மேல் பழி போடுவது என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன். நங்கூரத்தின் மேல் போட்டால் சுலபம். ஜனவரியில் நான் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் பிப்ரவரியில் படிவம் வந்திருக்கும். அந்த வரியை எழுதாதவள் நான்தான்.

இதைத் தபாலில் போடவில்லை. துறைமுகத்தில் தனியாக நின்று, கையுறையோடு இதைப் படிக்க உங்களை நான் விட மாட்டேன். பதினான்காம் தேதி வருவீர்கள். நேற்று முழுக்க என்ன யோசித்தேன் தெரியுமா? வந்ததும் சொல்ல வேண்டாம், முதலில் குளிக்கட்டும், சாப்பிடட்டும், ஒரு தூக்கம் போடட்டும், மறுநாள் பார்த்துச் சொல்லலாம் என்று. அதற்குள் படிவத்தையும் இந்தக் கடிதத்தையும் எங்கே வைப்பது என்று பார்த்தேன். கை தானாக அகராதியை எடுத்துவிட்டது. மூன்றாம் பக்கம் அதற்குள் அப்படியே இருந்தது.

அதையும் வெளியே எடுத்துவிட்டேன். மூன்றும் இப்போது மேஜை மேல் கிடக்கின்றன. நீங்கள் கதவைத் தட்டும்போது கையில் வைத்திருப்பேன். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கொடுத்துவிடுவேன்.

டீச்சர்